எதிர் மனையில் மூன்று கடைகள்

காற்று வீசத் தொடங்கிவிட்டால் பணகுடியில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது, கொடியில் காயப்போட்ட சேலை நாலு வீடு தள்ளி முருங்கை மரத்தில் கிடக்கும், ஒரு வீட்டுத் தகரம் இன்னொரு வீட்டு மாடியில் இறங்கும், ஆகவே ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்குத் தங்கபுஷ்பம் தன் போனில் ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுத் தலையைத் தூக்கியபோது, வீட்டுக்கு எதிரே முள்ளும் கள்ளியுமாய்க் கிடந்த காலி மனையில் கண்ணாடிச் சுவரும் வெள்ளைக் கூரையுமாக ஒரு கடை நின்றதைப் பார்த்து அந்தத் தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பால் சொசைட்டிக்குப் போகிற வழியை மறிக்கிறதா என்று பார்த்தார்கள். மறிக்கவில்லை. போய்விட்டார்கள்.

கடையின் நெற்றியில் 'புஷ்பம் ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'இன்னும் பதினான்கு நாட்கள்'.

தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருஷம் காற்றாலைக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் உட்கார்ந்து, எந்தக் காற்றாலை ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்த்து மேலே தகவல் சொல்லும் வேலை செய்தவள். தை மாதம் அந்த ஆபீசைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காற்றாலை மேல் ஏறி ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன் செல்வினுக்கு வேலை இருந்தது, கீழே நாற்காலியில் இருந்தவளுக்கு இல்லாமல் போனது. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினாள், மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள், வாசலுக்கும் அடுக்களைக்குமாக ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகன் ரூபன்தான் போனில் வழி சொன்னான்.

"சரக்கு வேற ஆளு குடோன்ல கெடக்கும்க்கா. வாங்குதவன் வேற ஊர்ல இருப்பான். நீ நடுவுல ஒரு ஆன்லைன் கடையை மட்டும் தொறந்து வச்சாப் போதும். ஆர்டர் வந்தா குடோனுக்குத் தள்ளி விடு, அவன் நேரா அனுப்பிருவான். டிராப்ஷிப்பிங்னு பேரு. சரக்கை நீ கண்ணால கூடப் பாக்க வேண்டாம்."

இதை அவள் செல்வினிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "அப்போ நம்ம கையில என்னதான் இருக்கும்?"

"கடை இருக்கும்."

"கடைக்குள்ள?"

அவள் மனசு அதற்கு முந்தைய கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடையை எந்த இணையத் தளத்தில் திறப்பது? வாடகை கட்டினால் எல்லாம் தயாராகக் கொடுக்கும் தளம் ஒன்று, இலவசமாகக் கிடைக்கிற ஆனால் நீயே கட்டிக்கொள்ள வேண்டிய தளம் ஒன்று, ஆயிரக்கணக்கான கடைகளோடு ஒரு மூலையில் உனக்கும் இடம் தருகிற பெரிய சந்தை ஒன்று. வீடியோவில் ஒருவர் முதலாவதைப் புகழ்வார், அவள் அதுதான் என்று முடிவு செய்வாள், குக்கர் விசில் அடிப்பதற்குள் இன்னொருவர் வந்து அதைக் கிழித்துத் தொங்கவிடுவார், அவள் இரண்டாவதுக்குத் தாவுவாள், துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் மூன்றாவதில் நிற்பாள். ஒரு நோட்டு முழுக்க இரண்டு பத்தியாகக் கோடு போட்டு நல்லது கெட்டது எழுதினாள். மூன்று வாரம் இப்படிப் போன பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த சேலையைக்கூட மாற்றாமல், பதினான்கு நாள் இலவசம் என்று போட்டிருந்த முதல் தளத்தைத் தொட்டாள்.

கண்ணாடிக் கடைக்குள் அலமாரி அலமாரியாகச் சாமான்கள் இருந்தன. மடக்கு வாளி, காய் நறுக்கும் டப்பா, போன் வைக்கிற கால், மழைக்கு ரப்பர் பூட்ஸ். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விரலை நீட்டினால் மெதுவாகச் சுற்றித் தன் முதுகைக்கூடக் காட்டும், எடுக்கப் போனால் மட்டும் கை அதற்குள்ளே போய் வெறும் காற்றைப் பிடிக்கும். அதற்கும் தெரு இரண்டே நாளில் பழகிவிட்டது. வேண்டியதற்கு முன்னால் நின்று "வேணும்" என்று சொன்னால் போதும், ஐந்தாறு நாளில் கூரியர்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே எந்நேரமும் ஏசி ஓடியதால் பீடி சுற்றும் பெண்கள் தட்டும் இலையுமாக அங்கே குடியேறினார்கள். வெளியே காற்றில் பீடித்தூள் பறந்து கண்ணில் விழுவதற்கு இது எவ்வளவோ மேல் என்றாள் பக்கத்து வீட்டு முத்துக்கிளி. பேரூராட்சியிலிருந்து வரி வசூலிக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சி ரசீதுப் புத்தகத்தோடு வந்து கடையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"கட்டடம்னா வரி உண்டு. ஆனா இதுக்கு அஸ்திவாரம் இல்லியே தாயி. அஸ்திவாரம் இல்லாததை எந்தப் பக்கத்துல எழுதச் சொல்லுத?"

"பதினாலு நாள்தான் அண்ணாச்சி. அதுக்கப்புறம் நிக்குமோ நிக்காதோ."

"அப்போ நின்னதும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஏசியில் கொஞ்ச நேரம் நின்று வியர்வை ஆற்றிக்கொண்டு போனார்.

கடையின் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது, அதைத் திறந்துகொண்டு வேறு ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒருவர் வந்து கதவைத் திறந்தால் அவருக்குப் பின்னால் சேலத்து வெயில் தெரியும், இன்னொருவருக்குப் பின்னால் காரைக்குடி பஸ் ஹாரன் கேட்கும், ஒரு நாள் நாக்பூரிலிருந்து தாடிக்காரர் ஒருவர் வந்து முத்துக்கிளியிடம் இந்தியில் எதையோ நீளமாக விசாரித்துவிட்டு, அவள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். பாதிப்பேர் சக்கரம் வைத்த கூடையில் சாமானை நிறையச் சேர்ப்பார்கள், பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கூடையை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கூடைகளைக் காற்று தெருவழியாக உருட்டிக்கொண்டு போனது. ஒரு வாரத்துக்குள் குழாயடியில் தண்ணீர்க் குடங்களை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வராத வீடு கிடையாது.

தங்கபுஷ்பம் மட்டும் கடைக்குள் போகவில்லை. அவள் போவதற்கு அங்கே இடமும் இல்லை, கல்லா இல்லை, கடைக்காரர் நிற்கிற பக்கம் என்று ஒன்றே இல்லை. அவள் தன் வீட்டு ஜன்னலில் போனோடு நின்று, காலையில் சுவரை நீலமாக்கினாள், பகலில் பச்சையாக்கினாள், வாளியை முன்னால் கொண்டுவந்து பூட்ஸைப் பின்னால் தள்ளினாள், சாயங்காலம் பூட்ஸை முன்னால் கொண்டுவந்தாள். பீடிப் பெண்கள் தலைக்கு மேல் நிறம் மாறுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி இலையை வெட்டினார்கள். எதைத் தொட்டாலும் தனியாக மாத வாடகை கேட்ட அந்தக் கடை அவளுக்கு நாலாம் நாளே அலுத்தது. இரண்டாவது தளத்தில் கணக்குத் தொடங்கினாள். கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு லோடு செங்கல்லும், நிலையில்லாத நாலு கதவும், எங்கே பொருத்துவது என்று தெரியாத நூறு ஆணியும் வந்து இறங்கின. ஓய்வாய் இருந்த கொத்தனார்கள் வந்து இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்தார்கள், ஆனால் அங்கே ஒரு வெளியூர்க்காரர்கூட எட்டிப்பார்க்கவில்லை, நாமாகப் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்கள் என்று ரூபன் சொன்னான். ஆறாம் நாள் மூன்றாவதையும் தொட்டாள். மனையின் மிச்ச இடத்தில், வெளியே இருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் அளவுக்கும் உள்ளே போனால் வள்ளியூர் வரைக்கும் நீளும் ஒரு சந்தை வந்து நின்றது. அதற்குள் எலுமிச்சை பிழிகிற சாமான் பார்க்கப் போன முத்துக்கிளி இரண்டு மணிநேரம் கழித்து வேறு யாரோ கடையில் குடை ஆர்டர் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"உன் கடையைத் தேடித் தேடிப் பாத்தேன்ட்டி. எங்கயும் உன் பேரே இல்ல. எல்லாத்துலயும் சந்தை பேருதான் எழுதிருக்கு."

செல்வின் மூன்றையும் பார்த்தான். "ஏதாவது ஒண்ணப் புடி புஷ்பம். மூணு கடைக்கும் ஜன்னல்ல நின்னே நடந்துக்கிட்டிருக்க."

"தப்பா எடுத்துட்டா என்ன செய்ய?"

"தப்பாதான் எடேன். எடுத்தாத்தானே தப்புன்னு தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்கதவு திறந்தபோது குளிர்ந்த காற்றும் மழைச் சத்தமும் பச்சைத் தேயிலை வாசமும் வந்தன. ஸ்வெட்டர் போட்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிய, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். பெயர் பவுனம்மாள். வால்பாறையில் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். திங்கட்கிழமை இந்தக் கடையில் ரப்பர் பூட்ஸுக்கு ஆர்டர் கொடுத்து, சனிக்கிழமை வந்து, பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடதுகால்.

"கடைக்காரங்க யாருங்க?" என்று அவள் முத்துக்கிளியிடம் கேட்டாள்.

தங்கபுஷ்பம் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று குனிந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. குடோன்காரருக்குச் செய்தி அனுப்பினாள். படம் அனுப்பு என்று பதில் வந்தது. படம் இல்லை, போய்க் கேட்டு வாங்க வேண்டும். அவள் எழவில்லை. ஒரு மணிநேரம் முத்துக்கிளியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிப் பவுனம்மாள் மழைக்குள் திரும்பிப் போனாள். சாயங்காலம் முத்துக்கிளி பீடித்தட்டோடு நேராகத் தங்கபுஷ்பத்தின் அடுக்களைக்கு வந்தாள்.

"நீ உள்ளதான் இருந்த. உன் ஜன்னல் எனக்குத் தெரியாதா?"

"நான் என்னக்கா செய்ய? அனுப்புனது நான் இல்ல, செஞ்சது நான் இல்ல. அந்தப் பூட்ஸை நான் கையால தொட்டதே இல்ல."

"அதை அவகிட்டச் சொல்லு. அவ பலகையில உன் பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டுப் போயிருக்கா. வாரவங்க எல்லாம் என்னையத்தான் கடைக்காரின்னு நெனைக்காங்க. நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கி."

அந்த வாரம் முழுக்கத் தங்கபுஷ்பம் உறங்கியும் உறங்காமலும் கிடந்தாள். குடோன்காரர் முதலில் விதிமுறையில் இதற்கு இடமில்லை என்று எழுதினார், பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். நோட்டில் இருந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் அடித்துவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வியை மூன்று தளங்களிடமும் கேட்டாள், தப்பு நடந்தால் என்ன ஆகும்? கண்ணாடிக் கடை, அழகான எழுத்தில் மன்னிப்புக் கேட்கும் ஒரு பலகையை வேண்டுமானால் மாட்டித் தருகிறேன், அதற்குத் தனி வாடகை என்றது. செங்கல் கடை ஒன்றும் சொல்லவில்லை, அங்கே சொல்ல யாரும் இல்லை. சந்தைதான் அவள் மனசுக்குப் பிடித்த பதிலைச் சொன்னது. எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம், வாங்கினவர் யாரென்று உனக்குத் தெரியாது, நீ யாரென்று அவருக்குத் தெரியாது. அதைப் படித்ததும் அவளுக்குப் பெரிய பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. இதுதான், இனி மாற்றமில்லை, ஞாயிற்றுக்கிழமை பதினொன்று நாற்பதுக்குக் கண்ணாடிக் கடை போனால் போகட்டும் என்று சனிக்கிழமை செல்வினிடம் சொன்னாள். ஒரு வழியாக முடிவெடுத்தாளே என்று அவன் சந்தோஷப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் புறப்பட்டு, வெள்ளைச் சேலை கட்டி, ஜெபப் புத்தகத்தை எடுத்து, வாசல் வரை வந்து, போகாமல் திரும்பி ஜன்னலுக்கு வந்தாள். பதினொரு மணிக்குப் பவுனம்மாள் வந்தாள். இரண்டு இடதுகால் பூட்ஸையும் போட்டுக்கொண்டே வந்திருந்தாள், வேறு வழியில்லை, மழை விடவில்லை, வெறுங்காலோடு தேயிலைக்குள் இறங்கினால் அட்டை கடிக்காமல் விடாது. முத்துக்கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலதுகாலில் இருந்ததை இழுத்துக் கழற்றினாள். அது லேசில் வரவில்லை. வந்தபோது, தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கே தெரிந்தது, பெருவிரல் நகம் கறுத்துக் கால் சுண்டுவிரல் பக்கமாக வீங்கியிருந்தது.

தங்கபுஷ்பம் செருப்புப் போடாமல் தெருவைக் கடந்தாள். ஏசியில் அவள் தோள் சிலிர்த்தது.

"நான்தான் கடைக்காரி" என்றாள்.

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? யாரோ வயசான ஆம்பளைன்னு நெனச்சேன்."

"போன வாரமும் எதிர் வீட்லதான் இருந்தேன். உங்களப் பாத்தேன். வரல."

"ஏன் வரல?"

"என்ன சொல்லன்னு தெரியல."

"தெரியலங்கறதையே வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் பவுனம்மாள், கோபமில்லாமல், கொழுந்தில் முற்றல் இலையை ஒதுக்குவது போல. "எங்கயோ ஒருத்தருக்கு ரெண்டும் வலதுகாலாப் போயிருக்கும். அவங்க பாடு என்னவோ."

தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் எடுத்தாள். அவள் கடையில் அவள் கைக்குப் பிடிபட்ட முதல் பொருள் அதுதான். காசைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள். காசு எனக்கு நடக்க உதவாது, பூட்ஸ்தான் வேணும் என்றாள் பவுனம்மாள். நாகர்கோவிலில் ரப்பர் தோட்டத்து ஆட்கள் வாங்குகிற கடை இருக்கிறது, நானே போய், போட்டுப் பார்த்து, இரண்டு காலும் பார்த்து வாங்கி அனுப்புகிறேன் என்று தங்கபுஷ்பம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தலைக்கு மேலே கூரை வெளிற ஆரம்பித்தது. காற்று உள்ளே வந்தது. மடக்கு வாளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பீடிப் பெண்கள் பதறவில்லை, தட்டை எடுத்து மடியில் வைத்து, எழுந்து, வெளியே போய் நின்றார்கள்.

"ஏட்டி புஷ்பம்," என்றாள் முத்துக்கிளி, "கதவு போவுது."

பின்கதவு புகை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மழையும் தேயிலைச் சரிவும் மங்கலாகத் தெரிந்தன. பவுனம்மாள் ஒரு பூட்ஸும் ஒரு வெறுங்காலுமாக எழுந்தாள், நிற்க முடியாமல் சுவரைப் பிடிக்கப் போனாள், சுவரும் பிடிபடவில்லை.

"எம் பொண்ணு எஸ்டேட் லயன் வீட்ல காய்ச்சலோட படுத்திருக்கா. ஒரு எட்டுல வந்துடறேன்னுட்டு வந்தேன். இங்கிருந்து பஸ்ஸுல போனா எவ்வளவு நேரம்?"

திருநெல்வேலி, மதுரை, பழனி, பொள்ளாச்சி என்று முத்துக்கிளி விரலை மடக்கத் தொடங்கியபோது தங்கபுஷ்பத்தின் கையில் போன் இருந்தது. தொடரவா, நிறுத்தவா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரம் பார்த்த வீடியோக்களோ, இரண்டு பத்தி எழுதின நோட்டோ, சனிக்கிழமை எடுத்த முடிவோ எதுவும் அவள் நினைப்பில் வரவில்லை. கதவு வேண்டும், அவ்வளவுதான். தொட்டாள்.

கூரை மறுபடி வெள்ளையானது. கதவு கட்டையாகி, தாழ்ப்பாள் கிணுக்கென்றது. பீடிப் பெண்கள் உள்ளே வந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே பலகையில் நாள்கணக்குப் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சந்தை தன்னைத்தானே மடித்துக்கொண்டு கிளம்பிப் போனது, செங்கல் சுவரில் யாரோ வத்தல் காயப்போட்டார்கள், இசக்கியப்பன் அண்ணாச்சி சைக்கிளில் போகிற போக்கில் "நின்னுட்டு போலயே" என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் பவுனம்மாளின் தோளைத் தாங்கிக் கதவு வரை போனாள். அங்கே பவுனம்மாள் நின்றாள்.

"எங்க லயன்ல இன்னும் பதினேழு பேருக்கு பூட்ஸ் வேணும். கண்ணால பாக்காத ஆளுகிட்ட வாங்க மாட்டோம்னு நிக்கிறாங்க."

தங்கபுஷ்பம் திரும்பி, தெருவுக்கு அந்தப் பக்கம் வாசலில் நின்ற செல்வினைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க சாப்பிடுங்க. நான் வர லேட்டாகும்." அப்புறம் வாசற்படியைத் தாண்டி மழைக்குள் இறங்கினாள். குளிர் பல்லைக் கிட்டவைத்தது. இடுப்புயரத் தேயிலைக்கு நடுவே வழுக்கும் பாதையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பவுனம்மாளின் மகளுக்குக் கஞ்சி கொடுத்த பிறகு பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கூடினார்கள், இவளா கடைக்காரி என்று ஏற இறங்கப் பார்த்தார்கள், அட்டை கடித்த தழும்புகளைக் காட்டினார்கள். கால் அளவு எடுக்கத் தாள் கேட்டாள் தங்கபுஷ்பம். கொடுத்த பேப்பரெல்லாம் ஈரத்தில் ஊறிப் பேனா பட்டதும் கிழிந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறித் திண்டு மாதிரி இருந்த ஒரு கல்லின் மேல் விரித்தாள்.

"இதுல வைங்க."

"ஐயோ, சேலையில காலை வைக்கவா?"

"வைங்கக்கா. இது கிழியாது."

முதல் பெண் தயங்கித் தயங்கிக் காலை வைத்தாள். தங்கபுஷ்பம் குனிந்து குதிகாலிலிருந்து தொடங்கி விரல் விரலாகப் பேனாவை ஓட்டினாள், உள்ளே பெயர் எழுதினாள், இடது வலது என்று எழுதினாள். அடுத்த பெண் வந்தாள், அதற்கடுத்தவள் வந்தாள், முந்தானை நிறைந்து கொசுவத்துக்கு வந்தது, கொசுவத்தை விரித்தும் வரைந்தாள். பவுனம்மாளுடையதைக் கடைசியாக, வீக்கத்தைத் தனியாகக் குறித்து வரைந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு அவள் கடைக்குள் திரும்பியபோது பணகுடியில் வெயில் சாய்ந்திருந்தது, முத்துக்கிளி கடைசிக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, உடம்பெல்லாம் முப்பத்தாறு காலடியோடு நின்றவளை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி இது, சேலையெல்லாம்?"

"ஆர்டர்" என்றாள் தங்கபுஷ்பம்.